தலைக்கு மேலே

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நண்பர் ஒருவரின் மகள் கார் வாங்கப் போகிறாள் என்று என்னையும் ஷோரூமுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். எனக்குக் காரைப் பற்றி ஏதோ தெரியும் என்று அந்தக் குடும்பத்தில் நெடுநாளாக ஒரு நம்பிக்கை. நானும் அதைக் கலைக்காமல் காப்பாற்றி வருகிறேன்.

டை கட்டிய பையன் ஒருவன் வந்தான். இன்ஜின், மைலேஜ், பிரேக் எதையும் பேசவில்லை. நேராக மேலே கையைக் காட்டினான். ‘‘மேடம், பட்டனே தொட வேணாம். ‘ஓப்பன் தி சன்ரூஃப்’னு வாயால சொன்னாப் போதும்.’’ சொன்னான். கூரை திறந்தது. நண்பரின் மகள், மாப்பிள்ளை, பேரன், பேத்தி, நான் எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். தெரிந்தது ஷோரூமின் டியூப்லைட். இருந்தாலும் ‘ஆ’ என்றோம்.

நண்பர் மட்டும் அண்ணாந்து பார்க்கவில்லை. அவரால் முடியாது. கழுத்து மேலேயும் போகாது, பக்கத்திலும் திரும்பாது. யாராவது கூப்பிட்டால் முழு உடம்போடுதான் திரும்புவார். புதிதாகப் பார்ப்பவர்கள் ‘என்ன கர்வம் இந்த மனுஷனுக்கு’ என்று நினைப்பார்கள். தொண்ணூறுகளில் ஒரு விடியற்காலை, உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்தில், எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கப் போய் இடது பக்கப் பள்ளத்தில் காரை இறக்கிவிட்டார். கார் ஒரு முழுச் சுற்று உருண்டு நின்றது. ஓட்டியது இவர். இடது சீட்டில் இவருடைய தம்பி. தம்பிக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு. இவருக்குக் கழுத்து.

‘‘ஒரே காரு, ஒரே பள்ளம். பள்ளத்துப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் எழுந்து நடந்து போறான். எனக்கு மட்டும் ஏன்யா?’’ என்று இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஜாதகம் உட்பட எல்லா விளக்கமும் கொடுத்துப் பார்த்தாகிவிட்டது.

ஷோரூம் பையனிடம் நான் கேட்டேன். ‘‘தம்பி, இந்தக் கூரை எவ்வளவு தாங்கும்?’’

‘‘கேரியர் வெச்சீங்கன்னா அம்பது கிலோ வரைக்கும் வைக்கலாம் சார்.’’

‘‘லக்கேஜைக் கேக்கலப்பா. கார் தலைகீழாக் கவுந்துட்டா?’’

கல்யாண வீட்டில் அபசகுனமாகப் பேசியவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தான். பிறகு சமாளித்துக்கொண்டு, ‘‘இது ஃபைவ் ஸ்டார் கார் சார்’’ என்றான்.

பையன் மேல் தப்பில்லை. அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னான். ஆனால் நான் கேட்டதற்கு அது பதில் இல்லை. ஏன் இல்லை என்பதைத்தான் இந்த வாரம் கொஞ்சம் விரிவாகப் பார்க்கப் போகிறோம்.

*

கூரை என்றால் வெயிலுக்கும் மழைக்கும் போட்ட தகரம் என்றுதான் நினைக்கிறோம். வீட்டில் ஓடு போடுவது போல, காருக்குத் தகரம். அது சரியில்லை என்பதை நிரூபிக்க உங்களுக்கு இன்ஜினீயரிங் பட்டம் தேவையில்லை. தீபாவளி ஸ்வீட் வந்த காலி அட்டைப்பெட்டி ஒன்று போதும்.

மூடியை எடுத்துவிட்டுப் பெட்டியின் இரண்டு முனைகளையும் பிடித்துத் துணி பிழிவது போல எதிரெதிராக முறுக்குங்கள். சுலபமாகக் கோணிக்கொள்ளும். இப்போது மூடியைப் போட்டு நாலு பக்கமும் செல்லோ டேப் ஒட்டிவிட்டு முறுக்குங்கள். அசையாது. சேர்த்தது ஓர் அட்டைதான். ஆனால் பெட்டியின் குணமே மாறிவிட்டது. காரணம், பெட்டியை முறுக்கும்போது ஒவ்வொரு பக்கமும் பக்கத்தில் இருப்பதைக் கோணவிடாமல் பிடித்துக்கொள்கிறது. ஆறு பக்கமும் கைகோத்து நின்றால் சங்கிலி முழுசு. ஒருத்தர் கையை விட்டால் மற்ற ஐந்து பேரும் தள்ளாடுவார்கள்.

இன்னும் சந்தேகமிருந்தால் இந்தப் பத்திரிகையில் ஒரு பக்கத்தைக் கிழித்து (படித்து முடித்த பக்கமாக இருக்கட்டும்) குழாயாகச் சுருட்டி, ஓரத்தை நீளவாக்கில் பசை போட்டு ஒட்டி முறுக்கிப் பாருங்கள். பிறகு ஒட்டின இடத்தை பிளேடால் நீளமாகக் கீறிவிட்டு முறுக்குங்கள். எதையுமே வெட்டி எடுத்துவிடவில்லை, ஒரு கோடு கீறினோம், அவ்வளவுதான். குழாய் துவண்டுவிடும். ஆறு சென்டிமீட்டர் விட்டமும் ஒரு மில்லிமீட்டர் கனமும் உள்ள இரும்புக் குழாயில் இதே கீறலைப் போட்டால், முறுக்குக்கு எதிரான விறைப்பு 2,700 மடங்கு குறையும். அச்சுப் பிழை இல்லை. இரண்டாயிரத்து எழுநூறு.

கார் விஷயத்தில் இவ்வளவு மோசம் ஆகாது. கூரையைக் கழற்றினாலும் தரை இருக்கிறது, கதவுக்குக் கீழே ஓடும் உத்திரங்கள் இருக்கின்றன, இன்ஜினுக்கும் நமக்கும் நடுவே ஒரு சுவர் இருக்கிறது. ஆனால் தத்துவம் அதேதான். ஜீப், லாரிகளில் அடியில் ஏணி மாதிரி ஒரு சட்டம் இருக்கும், உடம்பு அதன்மேல் உட்காரும். கார்களில் பெரும்பாலும் அந்த ஏணி கிடையாது. உடம்பேதான் சட்டம். நம் பழைய அம்பாசடரே அப்படித்தான். தரை, பக்கவாட்டு, கூரை, அதைத் தாங்கும் தூண்கள் எல்லாம் சேர்ந்துதான் சேஸி. கூரை என்பது அந்த சேஸியின் மேல் பாதி.

இந்த விறைப்பை அளப்பது எளிது. காரின் பின்பக்கத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு முன்பக்கத்தை முறுக்க வேண்டும். ஒரு டிகிரி கோணுவதற்கு எவ்வளவு நியூட்டன் மீட்டர் தேவைப்படுகிறது என்று பார்க்க வேண்டும். இன்றைய நல்ல மூடிய கார்களில் இது 20,000-ஐச் சாதாரணமாகத் தாண்டும். 20,000 என்றால், ஒரு மீட்டர் நீளக் கம்பியின் முனையில் ஏறக்குறைய இரண்டு டன்னைத் தொங்கவிட்டால் கார் ஒரே ஒரு டிகிரி கோணும். ஒரு சக்கரம் மட்டும் ஸ்பீடு பிரேக்கரில் ஏறும்போதெல்லாம் உங்கள் கார் இந்தப் பரீட்சையைத்தான் எழுதுகிறது. விறைப்பு குறைந்த கார்கள் தோற்றுப்போவது காதில் கேட்கும். கதவு கிறீச்சிடும், டாஷ்போர்டு முனகும்.

கூரையை வெட்டிய கார்களில் இது கண்ணுக்கே தெரியும். பழைய கன்வெர்ட்டிபிள்களில் மேடு பள்ளம் வந்தால் கண்ணாடியும் ஸ்டீயரிங்கும் குளிர்ஜுரம் வந்த மாதிரி நடுங்கும். இதைச் சரிசெய்யக் கதவுக்கு அடியில் கனமான உத்திரம், தரையில் குறுக்குக் கம்பிகள் என்று இரும்பைச் சேர்த்துக்கொண்டே போவார்கள். முடிவில் கூரை உள்ள காரைவிடக் கூரை இல்லாத கார் அதிக எடை ஆகிவிடும். வித்தியாசம் சில கார்களில் நூறு கிலோவைத் தாண்டும். சினிமாவில் ஹீரோயினின் துப்பட்டா பறக்க என்னவெல்லாம் செய்ய வேண்டியிருக்கிறது பாருங்கள்.

*

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். கார் விளம்பரங்களில் அடிக்கடி குழப்பப்படுவது இதுதான். விறைப்பு வேறு, வலிமை வேறு.

விறைப்பு என்பது கார் ஓடும்போது கோணாமல் இருப்பது. வலிமை என்பது கார் கவிழும்போது நசுங்காமல் இருப்பது. முன்னது வண்டி உயிரோடு இருக்கும்போது, பின்னது நீங்கள் உயிரோடு இருப்பதற்கு. அடியில் இரும்பைக் கொட்டி ஒரு கன்வெர்ட்டிபிளை மிக விறைப்பாக ஆக்கிவிடலாம். அதனால் அது கவிழும்போது உங்கள் தலைக்கு மேலே ஒன்றும் முளைத்துவிடாது.

இதைப் புரிந்துகொண்ட நல்ல டிசைனர்கள் இரண்டுக்கும் தனித்தனியாக விடை தேடினார்கள். போர்ஷே 1965-ல் 911 டார்காவைக் காட்டியபோது, கூரையின் நடுத்துண்டு மட்டும் கழறும், சீட்டுக்குப் பின்னால் அகலமான ஓர் இரும்பு வளைவு நிரந்தரமாக நிற்கும். கன்வெர்ட்டிபிள்களை அமெரிக்கா தடை செய்துவிடுமோ என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்த காலம். 1979-ல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் காரின் கூரையை வெட்டியபோதும் நடுவில் ஒரு வளைவை விட்டு வைத்தார்கள். ஜெர்மானியர்கள் அதை ‘ஸ்ட்ராபெர்ரிக் கூடை’ என்று கேலி செய்தார்கள். கூடை என்றால் கைப்பிடி இருக்குமே, அதற்காக. 1989-ல் மெர்சிடிஸ் எஸ்எல் காரில் அந்த வளைவையும் மறைத்துவைத்தார்கள். கார் கவிழப்போகிறது என்று தெரிந்தால் 0.3 விநாடியில் அது தானாக எழுந்து நிற்கும். அழகுக்கும் உயிருக்கும் நடந்த பேச்சுவார்த்தையில் இரண்டு பக்கமும் நியாயமாக நடந்துகொண்ட உதாரணங்கள் இவை.

மூடிய கார்களில் இந்த நியாயம் இவ்வளவு சீக்கிரம் நடக்கவில்லை. கூரை இருக்கிறதே, போதாதா என்று இருந்துவிட்டார்கள். தகரம் இருப்பதும் அது தாங்குவதும் ஒன்றில்லை. கவிழும் காரில் எடையைத் தாங்குவது நடுவில் இருக்கும் தகரம் அல்ல. முன் கண்ணாடியின் இரு பக்கத் தூண்கள் (ஏ பில்லர்), கதவுகளுக்கு நடுவே நிற்கும் தூண் (பி பில்லர்), அவற்றை மேலே இணைக்கும் நீளவாட்டு உத்திரங்கள், குறுக்கே போகும் விட்டங்கள் ஆகியவைதான். பழைய வீட்டின் தூணும் உத்திரமும் போல. ஓடு உடைந்தால் மாற்றலாம். தூண் மடங்கினால் வீடு இல்லை.

*

அமெரிக்காவில் கார் உருண்டு கவிழ்வது விபத்துகளில் இரண்டு மூன்று சதவிகிதம்தான். ஆனால் கார், வேன்களில் பயணம் செய்து இறந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அப்படிப்பட்ட விபத்தில் போனவர். இந்த நூற்றாண்டின் முதல் சில வருடங்களில் மட்டும் வருடத்துக்குப் பத்தாயிரம் பேருக்கு மேல்.

அங்கே இதற்கு 1973-லிருந்தே ஒரு சட்டம் உண்டு. காரை நிறுத்திவைத்து, கூரையின் முன் மூலையில் ஓர் இரும்புப் பலகையைச் சாய்வாக வைத்து மெதுவாக அழுத்துவார்கள். காரின் எடையைப் போல ஒன்றரை மடங்கு பாரம் ஏறும்வரை பலகை ஐந்து அங்குலத்துக்கு மேல் உள்ளே போகக் கூடாது. ஒரு பக்கம் அழுத்தினால் போதும், மறுபக்கம் பற்றிக் கேள்வி இல்லை. இந்த ‘மறுபக்கம்’ என்பதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், நண்பரின் கழுத்து அங்கேதான் இருக்கிறது.

ஒன்றரை என்ற அந்த எண் 2009 வரை அசையவில்லை. 36 வருஷம். ஒரு தலைமுறையே கார் வாங்கி, ஓட்டி, கவிழ்ந்து முடித்துவிட்டது.

அந்த இடைவெளியில் நடந்த இரண்டு சம்பவங்களைச் சொல்லியாக வேண்டும். முதலாவது ஒரு விளம்பரம். 1990-ல் வோல்வோ அமெரிக்க டி.வி.யில் காட்டியது. கார்களை வரிசையாக நிறுத்திவைத்து, ஆள் உயரச் சக்கரம் வைத்த ‘பேர் ஃபுட்’ என்ற ராட்சத டிரக் அவற்றின் கூரைமேல் ஏறி ஓடுகிறது. மற்ற கார்கள் எல்லாம் அப்பளம். நடுவிலிருந்த வோல்வோ 240 ஸ்டேஷன் வேகன் மட்டும் அசராமல் நிற்கிறது. பார்த்தவர்கள் எல்லாம் புல்லரித்துப் போனார்கள்.

படம் எடுத்தது டெக்சாஸின் ஆஸ்டினில். அங்கே கூட்டத்தோடு கூட்டமாக நிற்கக் கூலிக்கு அழைக்கப்பட்டவர்களில் சிலருக்குக் கண் நன்றாக இருந்தது. வோல்வோவின் உள்ளே மரக்கட்டையும் இரும்பும் முட்டுக் கொடுத்திருந்தார்கள். பக்கத்துக் கார்களின் கூரைத் தூண்களை அறுத்து வைத்திருந்தார்கள். விஷயம் டெக்சாஸ் அட்டர்னி ஜெனரல் ஜிம் மேட்டாக்ஸிடம் போனது. அவர் வழக்குப் போட்டார். கம்பெனி விளம்பரத்தை வாபஸ் வாங்கி, பத்திரிகைகளில் திருத்தம் வெளியிட்டு, விசாரணைச் செலவுக்கு 3,16,250 டாலர் கட்டியது. விளம்பர ஏஜென்சி அந்தக் கணக்கையே விட்டு விலகியது. அடுத்த வருஷம் மத்திய வர்த்தக ஆணையத்துக்கு கம்பெனியும் ஏஜென்சியும் ஆளுக்கு 1,50,000 டாலர் அழுதார்கள்.

கம்பெனி தன் தரப்பில் ஒன்று சொன்னது. வெர்மான்ட்டில் உண்மையாகவே ஒரு ராட்சத டிரக் காட்சியில் வோல்வோ மட்டும் நசுங்காமல் நின்றதாம். அதைத்தான் மறுபடி எடுத்தோம், டிரக் பல தடவை ஏறி இறங்க வேண்டியிருந்ததால் முட்டுக் கொடுத்தோம் என்றது. இருக்கலாம். முட்டுக்கு இது காரணம் என்றே வைத்துக்கொள்வோம். பக்கத்துக் காரின் தூணை ஏன் அறுத்தார்கள்?

எனக்கு இதில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். வோல்வோ நிஜமாகவே பாதுகாப்புக்குப் பேர் வாங்கிய கம்பெனி. நம் தோளோடு இடுப்பையும் கட்டும் பெல்ட்டை 1959-ல் காருக்குக் கொண்டுவந்தது அவர்கள்தான். பொய் சொல்லத் தேவையே இல்லாதவர்கள் சொன்ன பொய் இது. ஏன் சொன்னார்கள்? கூரையின் வலிமையை நேர்மையாகக் காட்டினால் பார்க்க சுவாரஸ்யமாக இருக்காது. ஒரு பலகை, மெதுவாக, ஐந்து அங்குலம். அதை யார் பார்ப்பார்கள்? அதனால் சர்க்கஸ் காட்டினார்கள்.

இரண்டாவது சம்பவம் இதற்கு நேர் எதிர். பொய் இல்லை, மோசடி இல்லை, முழுக்க விஞ்ஞானம். எண்பதுகளில் ஜெனரல் மோட்டார்ஸ் இன்ஜினீயர்கள் ‘மாலிபு’ கார்களை வேண்டுமென்றே உருட்டிவிட்டுப் பரிசோதித்தார்கள். சில கார்களில் சாதாரணக் கூரை, சிலவற்றில் உள்ளே இரும்புக் கூண்டு. பொம்மை மனிதர்களை உட்காரவைத்துக் கழுத்தில் விழும் அழுத்தத்தை அளந்தார்கள். கூண்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கழுத்து அழுத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்றார்கள். அவர்கள் விளக்கம் இது: கூரை வந்து தலையில் விழவில்லை, கார் தலைகீழானதும் தலைதான் போய்க் கூரையில் விழுகிறது. எனவே கூரையைக் கெட்டியாக்கிப் பிரயோஜனம் இல்லை.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கார் கம்பெனிகள் பல வருஷம் கோர்ட்டுகளில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தன. எதிர்த்தரப்பு நிபுணர்கள் அதே பரிசோதனையின் அளவுகளை எடுத்து வேறு மாதிரி படித்தார்கள். கூரை மடங்கிய கார்களில் பொம்மைக்கு மிச்சம் இருந்த இடம் எவ்வளவு, எந்தக் கணத்தில் அழுத்தம் ஏறியது என்று தோண்டினார்கள். ஒரே அளவுகள், இரண்டு தீர்ப்புகள்.

என் குறை என்னவென்றால், அந்த வாதத்தில் பாதி உண்மை இருந்தது. தலை கூரையை நோக்கி விழுவது நிஜம். அப்படியானால் நியாயமாக அடுத்து என்ன கேட்டிருக்க வேண்டும்? ‘பெல்ட்டை இன்னும் இறுக்கமாகப் பிடிக்க வைத்து, கூரையையும் மடங்காமல் நிறுத்தி, நடுவில் இடம் மிச்சம் வைத்தால் என்ன?’ அதைக் கேட்காமல், ‘ஆகவே கூரை பற்றிக் கவலை வேண்டாம்’ என்று முடித்தது விஞ்ஞானம் இல்லை. சௌகரியம்.

கடைசியில் பொம்மைகளை விட்டுவிட்டு நிஜ விபத்துகளை எண்ணிப் பார்த்தார்கள். அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனிகள் நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் 2008-ல் எஸ்.யூ.வி.க்களின் கூரையை அழுத்திப் பார்த்து, அதே வண்டிகள் கவிழ்ந்த விபத்துகளோடு ஒப்பிட்டது. கூரை கெட்டியாக ஆக, காயம் குறைந்துகொண்டே வந்தது. கூரை தன் காரின் எடையைப் போல ஒன்றரை மடங்கு தாங்குவதற்குப் பதில் நாலு மடங்கு தாங்கினால், கவிழும் விபத்தில் உயிர் போகும் அல்லது பலத்த காயம்படும் அபாயம் சுமார் பாதியாகும் என்பது அவர்கள் கணக்கு. 2009-ல் நாலு மடங்கு தாங்கும் கார்களுக்கு மட்டும் ‘நல்லது’ என்று மதிப்பெண் போட ஆரம்பித்தார்கள். அதே வருஷம் அரசாங்கமும் விழித்துக்கொண்டது. கார்களுக்கும் சிறிய எஸ்.யூ.வி.க்களுக்கும் ஒன்றரை மடங்கு மூன்றானது. ஒரு பக்கம் இரண்டு பக்கமானது. 2012 செப்டம்பரிலிருந்து படிப்படியாக அமலாயிற்று.

வோல்வோவும் பிராயச்சித்தம் செய்தது. 2002-ல் வந்த எக்ஸ்சி90 எஸ்.யூ.வி.யின் கூரைச் சட்டத்தில் போரான் கலந்த எஃகைப் போட்டார்கள். பழுக்கக் காய்ச்சி, அச்சிலேயே அழுத்திக் குளிரவைக்கும் இந்த எஃகு சாதாரணத் தகட்டைவிடப் பல மடங்கு உறுதி. தூணைத் தடியாக்கி டிரைவரின் பார்வையை மறைக்க வேண்டியதில்லை, மேலே எடையைக் கூட்டி வண்டியைத் தலைகனமாக்கவும் வேண்டியதில்லை. மரக்கட்டை முட்டுக்கு வேலையே இல்லை.

*

இப்போது ஷோரூம் பையனின் ஐந்து நட்சத்திரத்துக்கு வருவோம்.

2023-ல் ஆரம்பித்த பாரத் என்கேப் சோதனையில் காரை 64 கிலோமீட்டர் வேகத்தில் முன்பக்கம் மோதவிடுகிறார்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் ஒரு தடுப்பு வந்து மோதுகிறது. 29 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டாகக் கம்பத்தில் இடிக்கிறார்கள். நல்ல சோதனைகள். இது வந்த பிறகுதான் நம் ஜனங்கள் மைலேஜோடு பாதுகாப்பையும் கேட்க ஆரம்பித்தார்கள். ஆனால் கூரையை அழுத்திப் பார்க்கும் தனிச் சோதனை அதில் இல்லை. ஐந்து நட்சத்திரமும் முன்னாலேயும் பக்கத்திலேயும் இருக்கிறது, தலைக்கு மேலே ஒன்றும் இல்லை. நாம் மட்டும்தான் இப்படி என்று நம்மையே திட்டிக்கொள்ள வேண்டாம், கார்களின் கூரைக்கு அமெரிக்காவைப் போல ஒரு கட்டாயச் சட்டம் ஐரோப்பாவிலும் கிடையாது. வேடிக்கை என்னவென்றால், பஸ்களுக்கு இரண்டு இடத்திலும் உண்டு. நம் ஏஐஎஸ்-031 விதி, பஸ் கவிழ்ந்தால் உள்ளே ஆள் பிழைக்கும் இடம் நசுங்காமல் இருக்க வேண்டும் என்கிறது. ஐரோப்பிய முறையில் பஸ்ஸின் உடம்பை 800 மில்லிமீட்டர் உயர மேடையிலிருந்து நிஜமாகவே கவிழ்த்துப் பார்க்கிறார்கள்.

அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகும் கார் அந்தப் பலகையில் எப்படியும் பாஸ் ஆகியிருக்கும். இங்கே மட்டும் விற்கும் காரின் கூரை எத்தனை மடங்கு தாங்கும் என்று சொல்லக் கம்பெனிக்குக் கட்டாயம் இல்லை. சன்ரூஃபின் நீளத்தை மில்லிமீட்டர் கணக்கில் சொல்லத் தெரிந்தவர்கள், இந்த ஒரு எண்ணையும் கேட்டலாக்கில் அச்சடித்தால் காகிதம் கிழிந்துவிடாது.

அப்படியானால் சன்ரூஃப் ஆபத்தா? இங்கே நியாயமாகப் பேச வேண்டும். கம்பெனியே முதலிலிருந்து திட்டமிட்டு வைத்த சன்ரூஃபால் கூரை பலவீனமாகிவிட்டது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது. தூணும் உத்திரமும் அப்படியே இருக்கின்றன. ஓட்டையைச் சுற்றி ஒரு சட்டம் போடுகிறார்கள். பெரிய கண்ணாடிக் கூரை வைத்த கார்களும் அமெரிக்கச் சோதனையில் ‘நல்லது’ வாங்கியிருக்கின்றன. தப்பு நடப்பது மூன்று இடத்தில்.

ஒன்று, சன்ரூஃப் இல்லாத காரை வாங்கிவிட்டு வெளியே ஒரு கடையில் கொடுத்துக் கூரையை வெட்டுவது. அங்கே குறுக்கு விட்டம் எங்கே ஓடுகிறது என்று பார்த்து வெட்டுவதில்லை, வாங்கிவைத்த கண்ணாடி எவ்வளவு பெரிசு என்று பார்த்து வெட்டுகிறார்கள். ஸ்வீட் பெட்டியின் டேப்பைக் காசு கொடுத்து நாமே பிரிக்கிற வேலை. தயாரித்தவர் கொடுத்த அமைப்பை இப்படி மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதையே அழுத்திச் சொல்லியிருக்கிறது.

இரண்டு, ஓடும் காரில் குழந்தைகளை அந்த ஓட்டையில் நிற்கவைப்பது. வாரக் கடைசியில் ஈ.சி.ஆரில் பாருங்கள், கூரைக்கு மேலே குட்டித் தலைகள் முளைத்திருக்கும். அப்பா பெருமையோடு ஓட்டுவார். ஒரு சடன் பிரேக் போதும், கூரையின் விளிம்பு குழந்தையின் வயிற்றிலோ விலாவிலோ இடிக்கும். கவிழ்ந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத விரும்பவில்லை.

மூன்று, பெல்ட். கூரை எத்தனை மடங்கு தாங்கினாலும் அது பாதுகாப்பது காருக்குள் இருப்பவரைத்தான். கவிழும் விபத்தில் இறப்பவர்களில் பெரும்பாலோர் பெல்ட் போடாதவர்கள். அதிலும் பலர் காரை விட்டு வெளியே தூக்கி எறியப்பட்டவர்கள். பின் சீட்டுக்கும் இதே கணக்குதான்.

*

நண்பரின் கேள்விக்கு வருகிறேன். பள்ளத்துப் பக்கம் இருந்த தம்பிக்குச் சிராய்ப்பு, இவருக்கு ஏன் கழுத்து?

கார் இடது பக்கம் சாய்ந்து உருளும்போது கூரையின் இடது ஓரம் முதலில் தரையைத் தொடுகிறது. அந்த முதல் அடியில் முன் கண்ணாடி விரிசல் விடுகிறது, தூண்கள் தளர்கின்றன, கூரை ஒரு பக்கமாகக் கோணிக்கொள்கிறது. ஆனாலும் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. அடுத்த அரை விநாடியில் கார் மேலும் புரண்டு வலது ஓரம் தரையில் இறங்குகிறது. ஏற்கெனவே பலமிழந்த கூரை, அதன்மேல் முழு வண்டியின் எடை. இரண்டாவதாகத் தரையைத் தொடும் பக்கம்தான் அதிகம் நசுங்குகிறது. 36 வருஷம் ஒரே பக்கத்தை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் 2009-ல் இரண்டு பக்கமும் என்று மாற்றியதற்குக் காரணம் இதுதான்.

அவருக்கு நடந்தது இதுதான் என்று நான் சத்தியம் செய்ய முடியாது, நான் அங்கே இல்லை. ஷோரூமிலிருந்து திரும்பும் வழியில் ஒரு ஸ்வீட் கடையில் காரை நிறுத்தி, கால் கிலோ மைசூர்பாகு வாங்கி, பெட்டியைக் காலி செய்து, ஒவ்வொரு ஓரமாக மேஜையில் அழுத்திக் காட்டினேன். முதல் ஓரம் லேசாகச் சப்பியது. இரண்டாவது ஓரம் அப்படியே படிந்துவிட்டது.

ரொம்ப நேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

‘‘அப்ப இது என் ஜாதகம் இல்ல’’ என்றார்.

மகள் கடைசியில் அந்தக் காரையே வாங்கிவிட்டாள். சன்ரூஃப் உள்ளதுதான். கம்பெனி வைத்தது, பரவாயில்லை என்று நானும் சொல்லிவிட்டேன். போன வாரம் அதில் என்னைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனார்கள். பேரன் ஏறியதும் ஏறாததுமாகக் கூரையைத் திறக்கச் சொன்னான், நிற்கப் பார்த்தான். நண்பர் முன் சீட்டிலிருந்து முழு உடம்போடு பின்னால் திரும்பினார். அதற்கே அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

‘‘உட்காருடா கண்ணா. பெல்ட்டு ‘க்ளிக்’னு சத்தம் கேட்டாத்தான் வண்டி நகரும்.’’

நாலு க்ளிக் கேட்டது. அவர் அசையவில்லை. என்னையே பார்த்தார்.

ஐந்தாவது க்ளிக் என்னுடையது. அப்போதுதான் போட்டேன்.